புல்வெட்டும் வண்டிக்குப் பிளேடு வாங்கப் போகிறீர்களா?



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "அளவு தெரியாமல் பிளேடு வாங்காதே" என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். பாடப் புத்தகமும் வெண்கட்டியும் பிடிக்கும் ஆசிரியருக்குப் புல்வெட்டும் பிளேடு எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் திடலில் நடந்ததைக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள்.

எங்கள் மாசாய் வட்டாரத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாசிர் கூடாங்கில் 1977ஆம் ஆண்டு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்தன, அவற்றின் பின்னாலேயே தாமான்களும் வந்தன. அந்தப் பாசிர் கூடாங் 2020ஆம் ஆண்டு மாநகராகவே ஆகிவிட்டது. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் மக்களில் சிலர் லாரி ஓட்டினார்கள், சிலர் தொழிற்சாலைக்குப் போனார்கள். இன்னும் சிலர் புல்வெட்டும் குத்தகையை எடுத்தார்கள்.

எங்கள் பள்ளித் திடலில் புல் வெட்டும் அண்ணனும் அப்படி வந்தவர்தான். அவருடைய தாயார் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், அரிவாள் பிடித்துப் புல் வெட்டியவர். மகன் ஊருக்குள் புல் வெட்டுகிறார். தொழில் ஒன்றுதான், கருவிதான் மாறியிருக்கிறது. பல ஆண்டுகள் முதுகில் மெஷினைச் சுமந்து முதுகெலும்பு தேய்ந்த பிறகு, சேமித்த காசில் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். 42 அங்குல வண்டி. பள்ளித் திடல், கோயில் வளாகம், ஒரு தாமானின் விளையாட்டு மைதானம் என்று மூன்று இடங்கள் அவருக்குச் சோறு போட்டன.

அன்று நடந்தது

வண்டியின் இரண்டு பிளேடுகளும் தேய்ந்து போயின. அண்ணன் பழைய பிளேடைக் கழற்றாமலேயே கடைக்குப் போனார். "42 அங்குல வண்டி" என்று மட்டும் சொன்னார். கடையில் இரண்டு வகையை எடுத்துப் போட்டார்கள். ஒன்று விலை அதிகம். மற்றது விலை குறைவு. அதோடு, "இது மல்ச்சிங் பிளேடு, வெட்டின புல்லை அள்ளவே வேண்டாம்" என்ற புகழ்ச்சியும் சேர்ந்து வந்தது. அண்ணன் எனக்குப் போன் போட்டு, "சார், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். திடல் பொறுப்பு என்னுடையது. ஒன்றும் தெரியாத நான், "குறைஞ்ச விலையையே எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பிளேடின் நடுத்துளை கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒரு வாசரைப் போட்டு இறுக்கினார். முதல் நாளே வண்டி கிடுகிடுவென்று ஆடியது. "புதுசு, போகப் போகச் சரியாகும்" என்று நினைத்தார். மூன்றாம் நாள் காலை வகுப்பறைக் கட்டடத்தின் ஓரமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பிளேடு நெகிழ்ந்து, சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் மோதியது. முனை ஒடிந்து பறந்தது. முதலாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே இருந்த மர அறிவிப்புப் பலகையில் போய்க் குத்தி நின்றது.

ஓய்வு நேர மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. மணி அடித்தால் ஏழு வயதுப் பிள்ளைகள் அந்தப் பலகைக்குக் கீழேதான் வரிசை பிடித்து நிற்பார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால், பிளேடு மாட்டும் தண்டு வளைந்து, பேரிங்கும் உடைந்தது. வண்டி இரண்டு வாரம் பட்டறையில் கிடந்தது. அதற்குள் தாமான் குத்தகை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. சில வெள்ளிகளை மிச்சப்படுத்தப் போய் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் ஒரு பங்கு போயிற்று. அதில் என் வாய்க்கும் பங்குண்டு. அதனால்தான் அதற்குப் பிறகு வண்டியின் கையேட்டைப் படித்தேன். பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அளவு எடுக்கக் கற்றேன். கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மல்ச்சிங் பிளேடு என்றால் என்ன?

புல்வெட்டும் இயந்திரம் பிறந்தது இங்கிலாந்தில். ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்களைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். அவருடையது உருளையாகச் சுழன்று வெட்டியது. இன்று நாம் ஓட்டும் வண்டியில், கவிழ்த்து வைத்த சட்டி போன்ற இரும்பு மூடிக்குள் பிளேடுகள் தரைக்கு இணையாகச் சுழல்கின்றன. இந்த மூடியைத்தான் 'டெக்' என்கிறார்கள்.

சாதாரணப் பிளேடின் இரு முனைகளிலும் பின்பக்கம் இறக்கை போல மேலே வளைந்திருக்கும். அது விசிறி போலக் காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்தும். வெட்டிய புல்லைப் பக்கவாட்டு வாய் வழியாக வெளியே தள்ளும். இறக்கை உயரமாக இருந்தால் இழுப்பு அதிகம். எஞ்சினுக்குச் சுமையும் அதிகம். இறக்கை தாழ்வாக இருந்தால் இழுப்புக் குறைவு. மணல் தரையில் தூசி குறைவாகக் கிளம்பும், பிளேடும் மெதுவாகத் தேயும்.

மல்ச்சிங் பிளேடு வேறு மாதிரி. அதற்கு வளைவுகள் அதிகம். வெட்டும் விளிம்பும் நீளம். சிலவற்றில் பின் இறக்கையே பல் பல்லாக இருக்கும். வெட்டிய புல்லை அது வெளியே தள்ளாமல் மூடிக்குள்ளேயே சுழற்றி, மறுபடி மறுபடி நறுக்கிப் பொடியாக்கி, வேருக்கிடையே விழ வைக்கும்.

இந்த யோசனை தோட்டத்து மக்களுக்குப் புதிதா? செம்பனையில் வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவில் அடுக்கி மக்க விடுகிறோமே, அது எதற்கு? ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலைகளைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் போடுகிறோமே, அது எதற்கு? மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுப்பதற்குத்தான். புல்லும் அப்படியே. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சத்தில் தழைச்சத்து இருக்கிறது. வெட்டிய புல்லை ஒழுங்காகத் திடலிலேயே விட்டுவந்தால் அதன் உரத் தேவையில் நான்கில் ஒரு பங்கு வரை அதுவே கொடுத்துவிடும் என்பது விவசாயத் துறையினர் கணக்கு. அள்ளும் கூலி மிச்சம். அள்ளிக் குவித்துக் கொளுத்தலாம் என்றால், திறந்த வெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது.

நம் மழைக்கு ஒத்து வருமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்ச்சிங் பிளேடு நல்ல பிளேடுதான். எல்லா இடத்துக்கும் ஏற்ற பிளேடு அல்ல.

ஜொகூரில் மாதம் தவறாமல் மழை உண்டு. ஆண்டின் இறுதியில் இன்னும் அதிகம். நம் திடல்களில் பரவியிருப்பது மலாய்க்காரர்கள் 'ரும்புட் லெம்பு' என்று சொல்லும் அகன்ற இலைப் புல். மழை பெய்தால் சரசரவென்று வளரும். ஈரமான, உயரமான புல்லை மல்ச்சிங் பிளேடுக்குக் கொடுத்தால் அது பொடியாகாது. கூழாகி மூடிக்குள் அப்பிக்கொள்ளும்; பிறகு கட்டி கட்டியாகத் திடலில் விழும். அந்தக் கட்டிக்குக் கீழே இருக்கும் புல் மஞ்சளாகிச் சாகும்.

ஒரு சின்ன விதியை நினைவில் வையுங்கள். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. இரண்டு அங்குலப் புல் வேண்டுமானால், மூன்று அங்குலம் வளர்ந்தவுடன் வெட்டிவிட வேண்டும். மழை மாதத்தில் இதற்கு வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கும். ஆகவே பிளேடைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் குத்தகையைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை வெட்டும் பள்ளித் திடல், கோயில் வளாகம் என்றால் மல்ச்சிங் பிளேடு பொருந்தும்.

மாதம் ஒருமுறை, முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு கூப்பிடுகிறார்கள் என்றால் அது வேண்டாம். இறக்கை உயர்ந்த சாதாரணப் பிளேடைப் போட்டுப் பக்கவாட்டில் தள்ளுவதே நல்லது.

இரண்டும் கலந்த வேலை என்றால், இரண்டு வகைக்கும் ஓரளவு பயன்படும் பல்வைத்த பிளேடும் கடையில் உண்டு. ஆனால் அது எதிலும் முதல் பரிசு வாங்காது. இரண்டிலும் தேர்ச்சி பெறும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. மல்ச்சிங் செய்ய வேண்டுமானால் டெக்கின் பக்கவாட்டு வாயை அதற்குரிய மூடியால் அடைக்க வேண்டும். பிளேடை மட்டும் மாற்றி வாயைத் திறந்தே வைத்தால், பாதி நறுக்கிய புல் வெளியே பறந்துவிடும்; பயன் இல்லை. உங்கள் வண்டிக்கு அந்த மூடி கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நறுக்கி நறுக்கிச் சுழற்றுவதால் எஞ்சினுக்கும் சுமை கூடும். வயதான எஞ்சின் என்றால் மெதுவாக ஓட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன்

முதல் வேலை, வண்டியின் மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலோ பின்பக்கத்திலோ சிறிய தகட்டில் இருக்கும். கையேடு இருந்தால் அதில் பிளேடின் பாக எண்ணும் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய வண்டி, எண் அழிந்துவிட்டது என்றால் பழைய பிளேடைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். கீழ்க்கண்டவற்றை அளந்து பாருங்கள்.

1. நீளம்: பிளேடின் நடுவே நேராக அளக்காதீர்கள். ஒரு முனையின் வெட்டும் மூலையிலிருந்து நடுத்துளை வழியாக எதிர்முனையின் வெட்டும் மூலை வரை குறுக்காக அளக்க வேண்டும். 42 அங்குலம் என்பது வண்டி வெட்டும் அகலம், பிளேடின் நீளம் அல்ல. இரண்டு பிளேடு உள்ள 42 அங்குல வண்டியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 அங்குலம் இருக்கும். அரை அங்குலம் குறைந்தால் நடுவில் புல் கோடாக நிற்கும். அரை அங்குலம் கூடினால் மூடியில் உரசும்.

2. நடுத்துளை: வட்டமா, நட்சத்திரமா? நட்சத்திரம் என்றால் ஐந்து முனையா, ஆறு முனையா, ஏழு முனையா? எண்ணிப் பாருங்கள். வட்டம் என்றால் விட்டத்தை அளங்கள். பக்கத்தில் வேறு சிறு துளைகள் இருந்தால் அவற்றின் இடைவெளியையும் அளங்கள். எங்கள் அண்ணன் தவறியது இங்கேதான். துளை பொருந்தாத பிளேடை வாசர் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

3. அகலமும் தடிப்பும்: மெலிந்த பிளேடு விலை குறையும், வளையவும் வளையும்.

4. நடு உயரம்: பிளேடை மேசை மேல் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் நடுப்பகுதி முனைகளைவிட உயர்ந்திருக்கும். அந்த உயர வித்தியாசம் மாறினால் வெட்டும் உயரமும் மாறும்; பிளேடு மூடியிலும் தட்டலாம்.

5. சுழலும் திசை: சில வண்டிகளில், குறிப்பாகப் பின்னால் கூடை வைத்துப் புல் பிடிக்கும் சில வகைகளில், இரு பிளேடுகளும் எதிரெதிராகச் சுழலும். அவற்றுக்கு இடது வேறு, வலது வேறு. ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தால் ஒன்று புல்லை வெட்டாது, அடித்து நசுக்கும். போல்ட்டின் மரையும் சிலவற்றில் எதிர்த்திசையில் இருக்கலாம்.

பழையதையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எப்போதும் எல்லாப் பிளேடுகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

எப்போது மாற்றுவது?

முனை மழுங்கினால் மாற்ற வேண்டியதில்லை, தீட்டலாம். ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை தீட்டுவது வழக்கம். முன்பு இருந்த சாய்விலேயே, மேல்பக்கம் மட்டும் அரம் போடுங்கள். சவரக் கத்தி போலக் கூராக்க வேண்டாம். முதல் கல்லிலேயே மடிந்துவிடும். தீட்டியபின் சுவரில் ஓர் ஆணி அடித்து, நடுத்துளையில் மாட்டிப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக நின்றால் சரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அரம் போட வேண்டும். சமமில்லாத பிளேடுதான் பேரிங்கைத் தின்னும்.

இறக்கைக்குக் கீழே மணல் அரித்து உலோகம் மெலிந்திருந்தாலும், விரிசல் இருந்தாலும், வளைந்திருந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம். விரிசலுக்கு வெல்டிங் போடவே வேண்டாம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? சுழலும் பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தரவிதி ஒன்று சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய 347 கிலோமீட்டர். நம் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகம் 110. அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமான வேகத்தை நெருங்கிச் சுழலும் இரும்பு, ஒட்டுப் போட்ட இடத்தில் விட்டுக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் அறிவிப்புப் பலகையைக் கேட்டால் சொல்லும்.

மாட்டும்போதும் ஓட்டும்போதும்

சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் வயரையும் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, அடியில் கட்டை வைத்த பிறகே கையை விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். தடித்த கையுறை அவசியம். பிளேடின் இறக்கை மூடியைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டியவர்களும் உண்டு! போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். அளவு காட்டும் ஸ்பேனர் பட்டறையில் கிடைக்கும். முதல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ஒருமுறை சோதியுங்கள். வண்டி வழக்கத்துக்கு மாறாக ஆடினால் உடனே நிறுத்துங்கள். "போகப் போகச் சரியாகும்" என்பது பிளேடு விஷயத்தில் பொய்.

வெட்டுமுன் திடலை ஒரு சுற்று நடந்து கல், போத்தல், கம்பி ஆகியவற்றைப் பொறுக்கிவிடுங்கள். தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அழுகிறது என்று அப்பாவின் மடியில் உட்கார வைத்து வண்டியில் ஒரு சுற்று அனுப்பாதீர்கள். அது விளையாட்டு வண்டி அல்ல.

நம்மில் அதிகமானோர் வீட்டில் இருப்பது முதுகில் சுமக்கும் மெஷின்தான். அதற்கும் இதே பாடம்தான். அதன் இரும்புப் பிளேடுகளில் நடுத்துளை 25.4 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, 20 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, பார்த்து வாங்குங்கள். தடுப்புத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டாதீர்கள். கண்ணாடி போடுங்கள்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் 2017ஆம் ஆண்டின் சட்டப்படி பெர்கேசோவில் பாதுகாப்புத் திட்டம் உண்டு. புல்வெட்டும் குத்தகைக்காரர்கள் அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் விசாரித்து, தங்கள் தொழிலுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பத் தலைவர் விழுந்தால் குடும்பமே விழாமல் தாங்குவது அதுதான்.

எங்கள் அண்ணன் இப்போது சனிக்கிழமைகளில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வந்து வெட்டுகிறார். மல்ச்சிங் பிளேடுதான், வாய்க்குரிய மூடியோடு. ஆனால் அளவு எடுத்து வாங்கியது. வாரம் தவறாமல் வெட்டுவதால் திடலும் பசுமையாக இருக்கிறது. இழந்த தாமான் குத்தகை இன்னும் திரும்பி வரவில்லை. வேறு ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறார்.

அந்த அறிவிப்புப் பலகையை மாற்றிவிடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அதில் விழுந்த வெட்டு அப்படியே இருக்கிறது. கணக்குப் பாடத்தில் அளவைகள் நடத்தும்போது ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டுகிறேன். அளவு எதற்கு சார் என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.